பங்களாவுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

இந்த இதழில் வழக்கமான பஸ், ரயில், விசா கேள்விகளைத் தள்ளிவைத்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு டீச்சர் எழுதிய கடிதமும், அதே விஷயத்தைத் தொட்டு வந்த மற்ற நான்கு கடிதங்களும் மனதைப் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு மட்டும் இம்முறை பதில்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் சார்லட் நகரில் இருக்கிறாள். மார்ச் கடைசியில் போகிறேன். அங்கிருந்து தெற்கே சார்ல்ஸ்டன் என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறார்களாம். பழைய காலத்துப் பண்ணை மாளிகைகள், பெரிய பூந்தோட்டங்கள். மூன்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு 66 வயது, முழங்கால் வலி. பூ என்றால் எனக்கு உயிர். ஆனால் அவை அடிமைகளை வைத்து நடத்திய பண்ணைகள் என்று படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. போகலாமா, வேண்டாமா?
ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போய் வாருங்கள், டீச்சர். மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசோடுதான் போக வேண்டும். மாப்பிள்ளை போட்ட திட்டத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்று தோட்டங்களை ஒரே நாளில் நடந்தால் முழங்கால் தாங்காது. பார்த்ததும் மனதில் தங்காது.

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் புதுச்சேரியில் வழிகாட்டி வேலை பார்க்கிறேன். காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று கதை சொல்வதுதான் என் பிழைப்பு. அதனால் வேறு ஊருக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்கும் முன் அங்கே கதை சொல்கிறவரைத்தான் பார்ப்பேன். எந்த வாசலில் நின்று ஆரம்பிக்கிறார், யார் பேரை முதலில் சொல்கிறார், எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார் என்று கவனிப்பேன்.

சார்ல்ஸ்டனுக்கு நான் போனது தம்பி குடும்பத்தோடு, ஒரு மார்ச் மாதம். சார்லட்டிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஆனது. ஆஷ்லி ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் சாலையில் டிரேட்டன் ஹால், மக்னோலியா, மிடில்டன் பிளேஸ் மூன்றும் அடுத்தடுத்து வரும். மாப்பிள்ளை மூன்று என்று சொன்னது அநேகமாக இவற்றைத்தான். மக்னோலியா 1676லிருந்து டிரேட்டன் குடும்பத்துச் சொத்து. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வருமானத்துக்காக 1870லேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட தோட்டம். மிடில்டன் தோட்டம் 1741ல் தொடங்கியது, 65 ஏக்கர். மேலே நின்று பார்த்தால் புல் மேடைகள் படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும். அடியில் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இரண்டு குளங்கள். அங்கே நின்றபோது கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அவ்வளவு அழகு. அந்த அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதைச் செய்த கைகளுக்கு அது சேர வேண்டிய பெருமை.

'இந்தத் தோட்டத்தை ஹென்றி மிடில்டன் அமைத்தார்' என்று எங்கே படித்தாலும், டீச்சர், நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், உங்களுக்கு உறுத்திவிடும். நம் மொழியில் இதற்குப் பிறவினை என்று ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி' என்றுதான் வெட்டச் சொன்னான். 'எடுத்த' என்று சொல்லவில்லை. ஹென்றி மிடில்டனும் அமைப்பித்தவர்தான். நூறு அடிமைகள் பத்து வருடம் மண் சுமந்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். மாளிகை இப்போது இல்லை. 1865ல், அந்த உள்நாட்டுப் போரில், வடக்கு மாநிலங்களின் படை வைத்த தீயில் எரிந்தது, எஞ்சி நின்ற சுவர்களை 1886ல் வந்த நிலநடுக்கம் சாய்த்தது. ஒரு பக்கக் கட்டடம் மட்டும் தப்பியிருக்கிறது. மண் சுமந்தவர்கள் போட்ட மேடையும் குளமும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் குடும்பங்களுக்குப் பணம் பூவில் வரவில்லை, நெல்லில் வந்தது. கரோலினா கோல்ட் என்ற பொன்னிற நெல். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் கடற்கரைப் பகுதிகளிலிருந்து, சியரா லியோன், சேனகாம்பியா பக்கங்களிலிருந்து, பயிர்வேலை தெரிந்த ஆட்களாகவே தேடி வாங்கினார்கள். அலை ஏறும் நேரத்தில் கடல் ஆற்றுத் தண்ணீரை மேலே தள்ளும். அந்த நேரம் பார்த்து மதகைத் தூக்கி நல்ல தண்ணீரை வயலுக்கு விடுவார்கள், அலை இறங்கும்போது வடிப்பார்கள். மரத்தில் செய்த அந்த மதகுக்கு அங்கே 'டிரங்க்' என்று பேர். வீராணத்து மதகையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓர் அறையில் நெல் புடைக்கும் கூடை வைத்திருந்தார்கள். நம் முறம்தான், ஆனால் வட்டமாக, அகலமாக. மூங்கில் இல்லை, கோரை மாதிரி ஒரு புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்திருந்தார்கள். பக்கத்தில் மர உரல். உலக்கைக்கு இரண்டு தலை. கூரான முனை உமி நீக்க, மழுங்கலான முனை தவிடு போக்க. என் அம்மா உரலில் குத்தியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு படி குத்தினால் தோள் கழன்றுவிடும் என்பாள். அங்கே பகல் முழுவதும் வயலில் நின்றவர்களுக்கு, விடியும் முன்னும் இருட்டிய பின்னும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து குத்தக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. முதல் நாள் காலை ஆஷ்லி ஆற்றுச் சாலைக்குப் போகாமல், நகரத்துக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் தீவில் இருக்கும் மெக்லவுட் பண்ணைக்குப் போங்கள். 1851ல் தொடங்கிய பருத்திப் பண்ணை. இன்று அந்த மாவட்டத்துப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது, 2015ல் திறந்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் பக்கத்திலிருந்துதான் அங்கே கதையே தொடங்குகிறது. ஓக் மரங்களின் கீழே வரிசையாக வெள்ளை மரக் குடிசைகள். 1990 வரை அவற்றில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் நம் சனம் குடியிருந்த லயம் எப்படியோ அப்படி. எனக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். குடிசை வாசலில் நின்று, "உள்ளே போய் நில்லுங்கள், எத்தனை பேர் படுக்க முடியும் என்று நீங்களே பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு நிமிடம் எதுவும் பேசவில்லை. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு அது தோன்றியதே இல்லை.

சார்ல்ஸ்டன் வட்டாரத்துப் பழைய செங்கற்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். ஈரம் காயாத கல்லைத் திருப்பிப்போடும் வேலையை அடிமைக் குழந்தைகளிடம் கொடுத்திருந்தார்கள். அவர்களின் விரல் தடம் கல்லிலேயே வெந்து நிற்கிறது. நான் ஒரு சுவரில் பார்த்தேன். மூன்று குழிகள், அடுத்தடுத்து. நடுக் குழி மட்டும் சற்று ஆழம். கல்லைத் தூக்கும்போது பாரம் நடுவிரலில் இறங்கியிருக்கும் போல. என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். அந்தக் குழிக்கு என் சுண்டுவிரலே பெரிதாக இருந்தது. கடலூரைச் சுற்றி ஆற்றோரச் சூளைகளில் அப்பா அம்மாவோடு சேர்ந்து பச்சைக் கல் திருப்பும் பிள்ளைகளைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சூளைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மீட்டார்கள் என்று நம் மாவட்டச் செய்தி வரத்தான் செய்கிறது.

இரண்டாம் நாள் பூவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை நினைத்தால் மக்னோலியா நல்லது, உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்க்க அங்கே டிராம் வண்டி இருக்கிறது. அடிமைக் குடிசைகளுக்கென்று தனியாக ஒரு சுற்று உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடம் பென்னெட் என்ற பேரை அங்கே கேட்பீர்கள். அடிமையாக இருந்த காலத்திலேயே அந்தத் தோட்டத்தை வளர்த்தவர், விடுதலைக்குப் பிறகு அதற்கே மேற்பார்வையாளர் ஆனவர். அசேலியாப் புதர் முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மாளிகை உள்ளே பார்ப்பது கடைசி. நேரம் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

மூன்றாம் நாள் கிடைத்தால் நகரத்துக்குள் காட்ஸ்டன் துறையில் 2023ல் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். கப்பல்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிய அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் என்ன பூ பார்க்கலாம்? வெயில், கொசு எப்படி? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அசேலியா வேண்டுமென்றால் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை. கமேலியா குளிர்காலத்துப் பூ, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக இருக்கும். கமேலியாவும் தேயிலையும் ஒரே இனம், இலையைத் தொட்டுப் பார்த்தாலே உறவு தெரியும். மக்னோலியா மரம் பூக்க மே, ஜூன் ஆகும். ஓக் மரங்களில் நரைத்த தாடி மாதிரி தொங்குவதை ஸ்பானியப் பாசி என்கிறார்கள். அது பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் கத்திரி வெயிலும் கடலோரப் புழுக்கமும்தான். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜூன் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை அங்கே புயல் பருவம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ என்ற புயல் சார்ல்ஸ்டனையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் முறித்துப் போட்டது. 2011 டிசம்பரில் தானே அடித்துப் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்த நமக்கு அந்த வலி தெரியும். எந்த மாதமானாலும் மூடிய ஷூ, கொசுத் தைலம், தண்ணீர் பாட்டில் வேண்டும். குளம் குட்டை ஓரமாகப் போய் நிற்காதீர்கள். முதலை உண்டு, குழந்தைகள் கையை விடாதீர்கள்.

சாப்பாடு கவனமாகக் கேட்டு வாங்க வேண்டும். கீரை என்று போட்டிருக்கும், பன்றிக்கறி போட்டு வேகவைத்திருப்பார்கள். ஹாப்பின் ஜான் என்று காராமணியும் அரிசியும் சேர்த்து ஒரு சாதம். அதிலும் பெரும்பாலும் கறி இருக்கும், இல்லாமல் செய்வார்களா என்று கேளுங்கள். அந்தக் காராமணி, வெண்டைக்காய் இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு அங்கே போய்ச் சேர்ந்தவை. லூயிசியானாவில் 'கம்போ' என்று ஒரு குழம்பு வைப்பார்கள். அந்தப் பேருக்கு மூலமே வெண்டைக்காயைக் குறிக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்தான். வழவழப்பு போக வதக்கிப் போடுகிறார்கள், நம் வீட்டில் செய்வது போலவே.

கேள்வி: எனக்கும் என் வருங்கால மனைவிக்கும் அட்லாண்டாவில் வேலை. கல்யாணம் புதுச்சேரியில். அதற்கு முன் அங்கே ஒரு பழைய பண்ணை மாளிகையில், ஓக் மர வரிசைக்கு நடுவில் போட்டோ ஷூட் செய்யலாம் என்று ஆசை. நல்ல இடம் சொல்லுங்கள்.
வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: தம்பி, வாழ்த்துகள். அந்த இடம் மட்டும் வேண்டாம்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது அநேகமாக பூன் ஹால். 1743ல் நட்ட ஓக் மரங்கள், முக்கால் மைல் நீளத்துக்கு. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதே வழியின் ஓரத்தில் ஒன்பது செங்கல் குடிசைகள் இருக்கின்றன, அடிமைகள் குடியிருந்தவை. கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் அவையும் படத்தில் வந்துவிடும். 2012ல் அங்கே கல்யாணம் செய்துகொண்ட ஹாலிவுட் நடிகர் ஒருவர், தாங்கள் செய்தது பெரிய தவறு என்று 2020ல் வெளிப்படையாக வருத்தம் சொன்னார். 2019 டிசம்பரில் பின்ட்ரெஸ்ட் நிறுவனம் பண்ணை மாளிகைக் கல்யாணப் படங்களை இனி முன்னிறுத்துவதில்லை என்று அறிவித்தது. கறுப்பின நண்பர்கள் உங்களுக்கு அட்லாண்டாவில் இருப்பார்கள். அந்த ஆல்பத்தை அவர்களிடம் தயங்காமல் காட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஓக் மரம்தான் வேண்டுமென்றால் சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவில் ஏஞ்சல் ஓக் என்று ஒரு மரம் இருக்கிறது. கிளைகள் தரையில் முட்டிக்கொண்டு மறுபடி மேலே எழும். பொதுப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. போட்டோகிராபரோடு போவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் ஆப்பிரிக்கனை அடிமையாக வைத்திருந்தான். அந்தப் பாவத்தை நாம் ஏன் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
வாசகர், லாஸ்பேட்டை

பதில்: சம்பந்தம் இருக்கிறது, ஐயா. நீல நிறத்தில் இருக்கிறது.

தென் கரோலினாவில் நெல்லுக்கு அடுத்துப் பணம் கொடுத்த பயிர் அவுரி. எலைசா லூகஸ் என்ற இளம்பெண் 1740களில் தன் தகப்பனாரின் பண்ணைகளில் அதை விளைவித்துக் காட்டினார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். வயலில் இறங்கியதும் சாயத் தொட்டியில் நின்றதும் அடிமைகள். இலையை ஊறப்போட்டு அழுகவைத்தால் கிளம்பும் நாற்றம் தாங்க முடியாது, ஈ மொய்க்கும். அதில் நின்றுதான் நீலக் கட்டி எடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு 1748லிருந்து அதற்கு ஊக்கத்தொகை கொடுத்தது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கியதும் அந்தத் தொகை நின்றது, அங்கே அவுரி படுத்தது. அப்புறம் கம்பெனிக்காரர்களின் கண் வங்காளத்தின் மேல் விழுந்தது. சென்னை மாகாணத்தில் அவுரிக்குப் பேர்போன ஜில்லாக்களில் ஒன்று நம் தென்னார்க்காடு. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி போடுகிறார்கள்.

லூயிசியானாவில் விட்னி என்று ஒரு பண்ணை, 1752ல் தொடங்கியது. அங்கேயும் முதலில் அவுரி, பிறகுதான் கரும்பு. 2014 டிசம்பரில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, முழுக்க அடிமைகளின் கதையைச் சொல்லும் இடமாகவே அமைத்தார்கள். அவர்களின் பேர்களைச் சுவர் சுவராகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாறு காய்ச்சிய இரும்புக் கொப்பரைகளும் உண்டு. 1842லிருந்து சர்க்கரை ஆலை ஓடும் நெல்லிக்குப்பத்துக்காரர்களும், வெல்லம் காய்ச்சும் நம் கிராமத்துக்காரர்களும் அந்தக் கொப்பரையைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்போது புதுச்சேரிக்கு வருகிறேன். இங்கே அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று பேர் வைத்திருந்தார்கள். கினி என்று அவர்கள் அழைத்த ஆப்பிரிக்கக் கடற்கரையில் செலவாகும் துணி என்பதால் அந்தப் பேர். 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையில் ஆள் வாங்க இந்தியத் துணியைக் கொடுத்தார்கள். அதில் நம் ஊர் நீலமும் இருந்தது. ஆள் வியாபாரம் நின்ற பிறகும் செனகல் ஆற்றோரம் பிசின் வாங்க அதே துணி காசு மாதிரி ஓடியது. நம் தறியில் நெய்து, நம் தொட்டியில் தோய்த்து, நம் கரையில் கப்பலேற்றிய துணி. நெய்தவருக்கும் தோய்த்தவருக்கும் அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்காது. அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 'நமக்கு என்ன சம்பந்தம்' என்று கேட்கும்போது இந்தத் துணி என் கண் முன்னால் வந்து நிற்கிறது.

இங்கிருந்தும் ஆட்கள் போனார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில், ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்து அடிமையாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றிய செய்தி இருக்கிறது. 1848ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1853ல் மார்த்தினிக்குக்கும் 1854ல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் சனம் ஏறியது. மார்த்தினிக்கில் இன்றும் மாரியம்மனோடு 'மால்தேவிதான்' என்று ஒரு சாமியைக் கும்பிடுகிறார்கள். நம் மதுரைவீரன்தான். வாய் மாறி மாறி அந்தப் பேர் அப்படித் தேய்ந்திருக்கிறது. அங்கே யாராவது வந்து, 'இந்தக் கரும்புத் தோட்டத்தில் வாடியது தமிழன்தானே, எனக்கென்ன' என்று திரும்பிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. என் தாத்தாவுக்குப் பெண்ணையாற்றங்கரையில் நிலம் இருந்தது. வீட்டில் ஒரு படியாள் இருந்தார். படி நெல்தான் கூலி. அவருடைய அப்பாவும் எங்கள் வீட்டுப் படியாள். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1843ல். ஆனால் அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைப்பது என் சின்ன வயதிலும் நடந்தது. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு குடிசை. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் அவர். தாத்தாவைவிட வயதில் மூத்தவர், ஆனால் வீட்டில் குழந்தைகள்கூட அவரை 'வாடா போடா' என்றுதான் கூப்பிடும். நானும் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு மாமரங்கள் எல்லாம் அவர் வைத்தவை. 'தாத்தா வைத்த மரம்' என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு வந்தோம்.

மெக்லவுட்டில் அந்தக் குடிசைக்குள் நின்றபோது எனக்கு நினைவு வந்தது அவருடைய குடிசைதான். நான் ஒருநாளும் அதன் உள்ளே போனதில்லை. எத்தனை பேர் அதில் படுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் அவருடைய பேத்தி நெய்வேலிப் பக்கம் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போய்ப் பார்த்தேன். அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினார். அடையாளத்துக்கு ஒரு பூவரச மரம் இருந்தது. முழுப் பேரையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அதை இங்கே அச்சில் போடும் உரிமை எனக்கு இல்லை, அவர் குடும்பத்துக்குத்தான் உண்டு.

இங்கே நம் தாவரவியல் பூங்கா 1826ல் உருவானது. அதைப் பெரிதாக வளர்த்த பெரோத்தே, சுவிட்சர்லாந்தில் பிறந்த தாவரவியலாளர், இங்கே வரும் முன் செனகலில் வேலை பார்த்தவர். அவுரியைப் பற்றி 1842ல் புத்தகமே எழுதியவர். பல வருடம் அந்தப் பூங்காவில் மரங்களின் பேரை மட்டும் சொல்லிக் கூட்டிவந்துவிடுவேன். இப்போது என் பையில் ஒரு முழம் அவுரி நீலத் துணி இருக்கிறது. பூங்கா வாசலிலேயே அதை எடுத்து வந்தவர்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அண்ணன் அந்தத் தோட்டங்களுக்குப் போகிறார். கமேலியாக் கொம்பு ஒன்று, பருத்தி விதை கொஞ்சம் கொண்டுவரச் சொல்லலாமா? ஞாபகத்துக்கு வேறு என்ன வாங்கலாம்?
வாசகி, பண்ருட்டி

பதில்: கொம்பும் வேண்டாம், விதையும் வேண்டாம். செடியோ விதையோ நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே அனுமதியும் நோய் இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். அது சரியும்கூட, பூச்சி வந்தால் பாதிக்கப்படுவது நம் பயிர்தான். தவிர, கமேலியா பண்ருட்டி வெயிலில் நிற்காது, ஊட்டிக் குளிர் கேட்கும் செடி. தோட்டத்தில் எதையும் பறிப்பதும் கூடாது.

அண்ணனிடம் ஒரு கூடை வாங்கிவரச் சொல்லுங்கள். சார்ல்ஸ்டனுக்கு அடுத்த மவுண்ட் பிளசன்ட்டில் நெடுஞ்சாலையோரம் பந்தல் போட்டுக் கல்லா என்ற சமூகத்துப் பெண்கள் உட்கார்ந்து முடைவார்கள். அந்த நெல் வயல்களில் உழைத்தவர்களின் வம்சம். வாசனைப் புல்லைச் சுருட்டி, பனையோலைக் கீற்றால் தைத்துக்கொண்டே போவார்கள். முறத்துக்குச் செய்த அதே தையல். சின்னக் கூடைக்கே நல்ல விலை சொல்வார்கள், ஏனென்றால் அதற்கே நாள் கணக்கில் ஆகும். பேரம் பேச வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா தையலை நிறுத்தாமலேயே பாட்டி, பாட்டியின் அம்மா என்று நான்கு தலைமுறைப் பேர் சொன்னார். அந்தக் கூடை என் சமையலறை ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. மழை நாளில் அதிலிருந்து இன்னமும் வைக்கோல் வாசனை வருகிறது.